எட்டுச் சனிக்கிழமைகள்: தமிழ்ப் பெண்களுக்கான ஒரு வேத வாசிப்பு வகுப்பைப் பற்றி

கடந்த ஆகஸ்ட் மாதத்தில் தொடங்கி எட்டுச் சனிக்கிழமைகள், சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் நடந்த வேத வாசிப்பு வகுப்புக்குச் சென்று வந்தேன். கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறந்த, அல்லது திருமணத்தின் வழியாக அக்குடும்பங்களுக்குள் வந்த தமிழ்ப் பெண்களுக்கென்றே நடத்தப்படும் வகுப்பு இது. ஒவ்வொரு முறையும் பிற்பகல் 3 மணி முதல் 5.30 மணி வரை. கட்டணம் 160 வெள்ளி. வேலையில் இல்லாதவர்களுக்கும் 60 வயதைக் கடந்தவர்களுக்கும் அதில் பாதி. நடத்துகிறவர்கள் இருவர். ஒருவர் இறையியல் படித்து, கிரேக்கம் கற்றவர். மற்றவர் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை. தங்கள் பெயரை எழுத வேண்டாம் என்று இருவரும் கேட்டுக்கொண்டார்கள். சபைகளின் பெண்கள் சங்கங்களில் விசாரித்தால் விவரம் கிடைத்துவிடும்.

நான் இந்த வகுப்பில் சேர்ந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. என் அம்மா முப்பத்தொரு ஆண்டுகள் ஓய்வுநாள் பள்ளியில் கற்பித்தவர். அவருடைய அடக்க ஆராதனையில் பேசிய போதகர், நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தைத் திறந்து, "குணசாலியான ஸ்திரீ" என்று தொடங்கி, சபையின் அன்பின் விருந்துகளுக்கு அம்மா சமைத்த பிரியாணியைப் பற்றி மட்டும் பேசி முடித்தார். அவர் அன்போடுதான் பேசினார் என்பதை நான் அறிவேன். ஆனால் அம்மாவிடம் பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்த பிள்ளைகள், தலை நரைத்தவர்களாக, அந்த வரிசைகளிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டாவது காரணம் என் மகள். இருபத்து மூன்று வயதாகிறது. இரண்டு ஆண்டுகளாக ஆராதனைக்கு வருவதில்லை. ஏன் என்று ஒருநாள் இரவு கேட்டபோது, "நீங்க பாடலாம், சமைக்கலாம், பிள்ளைங்களுக்குச் சொல்லித் தரலாம். பெரியவங்க முன்னாடி நின்னு பேச மட்டும் கூடாது. அதை ஏம்மா நீங்க யாருமே கேக்கல?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

வகுப்பில் நாங்கள் பதினான்கு பேர். மூத்தவருக்கு 71 வயது, இளையவருக்கு 22. மெதடிஸ்த சபையினர், லுத்தரன் சபையினர், பெந்தெகொஸ்தே சபைகளைச் சேர்ந்தவர்கள், ஒஃபிர் ரோடு லூர்து மாதா ஆலயத்தில் வளர்ந்த கத்தோலிக்கர் இருவர் என்று பலவகைப்பட்டவர்கள் இருந்தோம். அவரவர் வீட்டு வேதாகமத்தையே கொண்டுவரச் சொன்னார்கள். எங்களில் பெரும்பாலோர் கையில் இருந்தது, போவர் ஐயர் என்ற மிஷனரியின் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்து இன்றுவரை தமிழ்ப் புரொட்டஸ்டன்ட் வீடுகளில் வழங்கிவரும் பழைய மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கச் சகோதரிகள் 1995இல் வந்த திருவிவிலியத்தைக் கொண்டுவந்தார்கள். இப்படி இரண்டு தமிழ் வேதாகமங்களை அருகருகே வைத்து உரக்க வாசிப்பதே பலருக்குப் புதிய அனுபவமாக இருந்தது.

முதல் வகுப்பில் செய்த ஒரு பயிற்சிக்காகவே இந்தக் கட்டணத்தைக் கொடுக்கலாம் என்பேன். நியாயாதிபதிகள் 4ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டோம். தெபோராள் இஸ்ரவேலை நியாயம் விசாரித்தாள் என்று பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. அதில் குறை காண ஒன்றுமில்லை என்று தமிழாசிரியை முதலிலேயே சொல்லிவிட்டார். ஏனென்றால் அந்த மொழிபெயர்ப்பில் மோசேயும் தாவீதும் பவுலும்கூட "அவன்" தான், கடவுளும் இயேசுவும்தான் "அவர்". வேறுபாடு பிறகு, பிரசங்க மேடையில் நுழைந்தது. கடந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கேட்ட செய்தியை நினைத்துப் பாருங்கள் என்றார். ஆபிரகாம் புறப்பட்டுப் போனார், சாராள் சிரித்தாள். பேதுரு மறுதலித்தார்; மகதலேனா மரியாள் அழுதாள். சேவல் கூவுமுன் மூன்று தரம் மறுதலித்தவருக்கு "ஆர்" விகுதி உண்டு, விடியுமுன் கல்லறைக்குப் போனவருக்கு அது இல்லை. நாற்பது ஆண்டுகளாகப் பிரசங்கம் கேட்டு வரும் நான் இதை ஒருமுறைகூடக் கவனித்ததில்லை.

பிறகு அதே அதிகாரத்தை "ஆர்" விகுதியோடு ஆளுக்கொரு வசனமாக வாசிக்கச் சொன்னார்கள். தெபோரா பேரீச்ச மரத்தின் கீழே அமர்ந்திருந்தார், மக்கள் அவரிடம் நியாயம் கேட்டுப் போனார்கள், அவர் பாராக்கை வரவழைத்தார் என்று வாசிப்பு நகர்ந்தது. மூத்தவரின் முறை வந்தபோது அவர் "வரவழைத்தாள்" என்றே இரண்டு தரம் சொல்லிவிட்டார். "நாக்கு வரமாட்டேங்குதும்மா" என்றார். மூன்றாவது முறை சரியாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அதைப் போட்டுக்கொள்ளாமலே உட்கார்ந்திருந்தார். யாரும் எதுவும் பேசவில்லை. நடத்துகிறவர்களும் அவசரப்படுத்தவில்லை, இந்த வகுப்பில் எனக்குப் பிடித்தது அந்தப் பொறுமைதான்.

இரண்டாம் வாரம் ஆதியாகமம் 2:18. ஆதாமுக்கு "ஏற்ற துணை" உண்டாக்கப்பட்ட அந்த வசனம் நம் திருமணங்களில் வாசிக்கப்படாத நாள் இல்லை. துணை என்றால் உதவிக்கு நிற்பவள், அடுத்த படியில் இருப்பவள் என்பதே அதன் பொருளாக எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது. எபிரெயத்தில் அங்கே இருக்கும் சொல் "ஏசெர்". இந்தச் சொல் பழைய ஏற்பாட்டில் பெரும்பாலும் கடவுளையே, கடவுள் தரும் உதவியையே குறிக்கிறது என்பதை அமெரிக்க வேத அறிஞர் ஃபிலிஸ் டிரிபிள் 1973இலேயே எடுத்துக்காட்டி, தாழ்ந்த நிலையை அந்தச் சொல் சொல்லவில்லை என்று வாதாடினார். அறிஞர் சொன்னதைத் தாளில் கொடுத்ததோடு நின்றிருந்தால் நாங்கள் தலையாட்டிவிட்டு எழுந்து வந்திருப்போம். தமிழாசிரியை 121ஆம் சங்கீதத்தைச் சொல்லச் சொன்னார். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக" என்று புத்தகத்தைப் பாராமலே அறை முழுவதும் சொன்னது. அந்த "ஒத்தாசை" தான் "ஏசெர்" என்றார். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரிடமிருந்து வரும்போது ஒத்தாசை. ஏவாளிடமிருந்து வரும்போது துணை. இரண்டும் ஒரே சொல்.

அதோடு விடவில்லை. உங்கள் வீட்டில் எபனேசர் என்று யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். பதினான்கு பேரில் ஒன்பது பேர் கை தூக்கினோம். எனக்கு அது சித்தப்பாவின் பெயர். சாமுவேல் கல்லை நாட்டி, இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார் என்று சொல்லி வைத்த பெயர் அது. "ஏபென்" என்றால் கல், "ஏசெர்" என்றால் உதவி. ஏவாளைக் குறித்துச் சொல்லப்பட்ட சொல்லைத்தான் நம் குடும்பங்களில் ஆண்பிள்ளைகளுக்குப் பெருமையோடு பெயராக வைத்திருக்கிறோம். சித்தப்பாவை எத்தனை ஆயிரம் முறை அந்தப் பெயரால் கூப்பிட்டிருப்பேன்.

ரோமர் 16ஆம் அதிகாரத்தை வாசித்த மூன்றாம் வாரமும் இதே தரத்தில் இருந்தது. பவுல் அங்கே பெபேயாளைக் கெங்கிரேயா ஊர்ச் சபையின் "ஊழியக்காரி" என்று அறிமுகப்படுத்துகிறார். கிரேக்கத்தில் அது "தியாகொனொஸ்". பவுல் தன்னைக் குறித்துச் சொல்லும்போதும் இதே சொல்லைப் பயன்படுத்துகிறார். பிலிப்பியர் முதல் வசனத்தில் கண்காணிகளோடு சேர்த்துச் சொல்லப்படும் "உதவிக்காரர்" என்ற பொறுப்பாளர்களுக்கும் இதே சொல்தான். ஊழியக்காரி என்பது தவறான மொழிபெயர்ப்பு என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் காதுகளைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். ஊழியக்காரர் என்றால் நம் சபைகளில் வெளியூரிலிருந்து வரும் நற்செய்தியாளர். மேடையில் நடு நாற்காலியில் அமர்த்தப்பட்டு, சால்வை போர்த்தப்படுபவர். அதே சொல்லின் பெண்பாலைக் கேட்டால் துடைப்பமும் வாளியும் கண்முன் வருகின்றன. சொல்லின் ஓர் எழுத்தைக்கூட யாரும் திருத்தாமலே அதன் மதிப்பு ஒரு பாலுக்கு ஏறி, மறு பாலுக்கு இறங்கியிருக்கிறது.

யூனியாவைப் பற்றிய பகுதி குறுகியதாக இருந்தாலும் மறக்க முடியாதது. அதே அதிகாரத்தில் பெபேயாள், பிரிஸ்கில்லாள், திரிபேனாள் என்று பெண் பெயர்களுக்கு "ஆள்" சேர்த்து எழுதிய நம் மொழிபெயர்ப்பு, யூனியாவுக்கு அதைச் சேர்க்கவில்லை. ஆகவே அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர் என்று பவுல் சொல்லும் ஒருவர் பெண் என்பதே தமிழ் வாசகருக்குத் தெரிவதில்லை. கிரேக்கம் பேசிய திருச்சபைத் தந்தை கிறிசோஸ்தோம் நான்காம் நூற்றாண்டில் யூனியாவைப் பெண் என்றே அறிந்து, அப்போஸ்தலர் என்று அழைக்கப்படும் தகுதி பெற்றவர் என்று புகழ்ந்திருக்கிறார். பிற்காலத்தில் ஐரோப்பாவில் பலர் அந்தப் பெயரை ஆண் பெயராகவே ஆக்கிவிட்டார்கள்.

முக்காடு பற்றிய வகுப்பில்தான் எனக்குக் கோபம் வந்தது. கோபம் நடத்தியவர்கள் மீதன்று. 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தில், தலையை மூடிக்கொள்ளாமல் ஜெபம் பண்ணுகிற, தீர்க்கதரிசனம் சொல்லுகிற பெண்ணைப் பற்றிப் பவுல் எழுதுகிறார். அதாவது சபையில் பெண்கள் வாய் திறந்து ஜெபித்ததும் தீர்க்கதரிசனம் சொன்னதும் அவருக்கு அன்றாடக் காட்சி. அதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதே அவர் பேச்சு. மூன்று அதிகாரம் தள்ளி, சபைகளில் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள் என்ற வரி வருகிறது. இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து வாசிப்பது என்பதில் அறிஞர்களிடையே பல கருத்துகள் இருக்கின்றன. வகுப்பில் மூன்றை விளக்கினார்கள். ஆனால் என் மனத்தில் தைத்தது எளிய ஒரு விஷயம். நாம் அந்த வசனத்திலிருந்து முக்காட்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். அந்த முக்காட்டுக்கு உள்ளே இருந்த தீர்க்கதரிசனத்தை விட்டுவிட்டோம். பன்னிரண்டு வயதில் முக்காடு போடாமல் வந்ததற்காக ஒருமுறை என்னைப் பின்வரிசைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அன்று அந்த வசனத்தை முழுவதும் வாசித்திருந்தால், பின்வரிசைக்குப் போ என்பதோடு, எழுந்து ஜெபம் செய் என்றும் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த வகுப்பு சறுக்கியதும் இங்கேதான். 1 தீமோத்தேயு 2:12 என்ற வசனம்தான் இன்றைக்கும் பெண்களை மேடையிலிருந்து விலக்கி வைக்கப் பயன்படும் முதன்மையான வசனம். உபதேசம் பண்ணவும் புருஷன்மேல் அதிகாரம் செலுத்தவும் உத்தரவு கொடுப்பதில்லை என்ற அந்த வரிக்கு, ஐந்தரை மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்து சேர்ந்தார்கள். அதிகாரம் செலுத்துதல் என்று மொழிபெயர்க்கப்பட்ட கிரேக்க வினை புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வராத ஒன்று, அதனால் அதன் சரியான பொருள் விவாதத்துக்குரியது என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்கள். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் என் மகள் கேட்ட கேள்வியின் வேர் அந்த வசனத்தில் இருக்கிறது. எபனேசருக்கு ஒரு மணி நேரமும் இதற்குப் பத்து நிமிடமும் என்ற பங்கீடு சரியில்லை. பின்னூட்டத் தாளில் இதைத்தான் முதலில் எழுதினேன்.

எபேசியர் 5ஆம் அதிகாரத்தைக் கையாண்ட விதத்துக்கு முழுப் பாராட்டும் உரியது. திருமண ஆராதனைகளில் "மனைவிகளே" என்று தொடங்கும் 22ஆம் வசனத்திலிருந்து வாசிப்பது வழக்கம். அதற்கு முந்திய வசனம், ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள் என்று எல்லாரையும் பார்த்துச் சொல்கிறது. மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகள் சிலவற்றில் 22ஆம் வசனத்தில் கீழ்ப்படியுங்கள் என்ற வினைச்சொல்லே இல்லை. முந்திய வசனத்தின் வினையையே அது பற்றிக்கொண்டு நிற்கிறது. ஆகவே இரண்டையும் வெட்டி, கீழ்ப்பாதியை மட்டும் வாசிப்பது வாக்கியத்தை நடுவில் தொடங்குவதாகும். இந்த விளக்கம் முடிந்ததும் எங்களில் ஒருவர், முன்பு ஒரு சபையில் தன் வீட்டில் நடந்த அடிதடியைப் போதகரிடம் சொன்னபோது, இன்னும் கொஞ்சம் கீழ்ப்படிந்து போங்கள் என்று ஜெபித்து அனுப்பப்பட்டதைச் சொன்னார். வகுப்பை நடத்துகிறவர் அவருக்கு வசனம் சொல்லவில்லை. சிங்கப்பூரில் 1961 முதல் மாதர் சாசனம் இருக்கிறது, அதன்கீழ் தனிநபர் பாதுகாப்பு உத்தரவுக்கு விண்ணப்பிக்கலாம், நான் கூட வருகிறேன் என்று எல்லார் முன்னிலையிலும் நிதானமாகச் சொன்னார். கீழ்ப்படிதலும் அடி வாங்குவதும் ஒன்று என்று எந்தக் கிரேக்கச் சொல்லுக்கும் பொருள் இல்லை என்றும் சொன்னார். வேத வகுப்பு நடத்த விரும்பும் எவரும் இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை இவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

மகதலேனா மரியாளைப் பற்றிய வகுப்பு எனக்கு அவ்வளவு புதிதாக இல்லை. 591இல் போப் முதலாம் கிரகோரி ஆற்றிய மறையுரை அவரை லூக்கா 7இல் வரும் பாவியான பெண்ணோடு ஒன்றாக்கியது, 1969இல் கத்தோலிக்கத் திருச்சபை தன் நாள்காட்டியைத் திருத்தியபோது இருவரையும் ஒன்றாக்குவதை விட்டுவிட்டது, 2016இல் ஜூலை 22ஆம் தேதி அவருடைய விழாவாக உயர்த்தப்பட்டது என்ற செய்திகளைச் சொன்னார்கள். எங்கள் மேடைகளில் அவர் இன்னும் விபசாரியாகவே வந்துபோகிறார் என்பதில் எல்லாச் சபையினரும் ஒத்துப்போனோம்.

ஆகாரைப் பற்றிய ஆறாம் வாரத்தைக் குறித்து எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆபிரகாமின் மனைவி சாராயின் அடிமைப்பெண், எகிப்து தேசத்தாள், கர்ப்பவதியாக வனாந்தரத்துக்கு ஓடிப்போனவர். வேதாகமத்தில் கடவுளுக்குப் பெயர் சூட்டிய முதல் மனிதர் அவர்தான். "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று ஆதியாகமம் 16இல் அவர் சொல்கிறார். ஆபிரகாமுக்குக் கிடைக்காத அந்தத் துணிவு, வேறொருவர் வீட்டில் வேலை செய்த வெளிநாட்டுப் பெண்ணுக்குக் கிடைத்தது. சிங்கப்பூரில் இதை வாசிக்கும் எவருக்கும் பணிப்பெண்களின் நினைவு வராமல் போகாது. எங்களில் பலர் வீட்டில் பணிப்பெண் இருக்கிறார். தமிழ்நாட்டிலிருந்து வந்த கிறிஸ்தவப் பெண்களும் அவர்களில் உண்டு. 2013 முதல் அவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு சட்டப்படி உண்டு. 2023 முதல் மாதத்தில் ஒரு நாளையாவது பணம் கொடுத்து ஈடுசெய்ய முடியாது. அந்த ஓய்வு நாள் பெரும்பாலும் ஞாயிறு. வகுப்போ சனிக்கிழமை. ஆகாரைப் பற்றிப் பேச நாங்கள் சாராய்களே உட்கார்ந்திருந்தோம், எங்கள் வீடுகளில் யாரோ இரவுச் சமையலைத் தொடங்கிக்கொண்டிருந்தார்கள். இதை நான் எழுந்து சொன்னபோது அறையில் சங்கடமான அமைதி நிலவியது, நடத்துகிறவர்கள் குறித்துக்கொண்டார்கள். இடம் ஞாயிற்றுக்கிழமைகளில் கிடைப்பதில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். வேறு இடம் தேட வேண்டும் என்பது என் கருத்து.

ஏழாம் வாரம் ஷார்ட் ஸ்திரீட்டுக்கு நடந்து சென்றோம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சோஃபியா பிளாக்மோர் என்ற மிஷனரிப் பெண் 1887இல் ஒன்பது தமிழ்ச் சிறுமிகளை வைத்து அங்கே தொடங்கிய பள்ளிதான் இன்றைய மெதடிஸ்த பெண்கள் பள்ளி. இப்போது அது புக்கிட் தீமா பகுதியில், அவர் பெயரிலேயே அமைந்த சாலையில் இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலத்தில், இந்த ஊரில் ஒரு பெண்கள் பள்ளி தமிழ்ப் பிள்ளைகளைக் கொண்டு தொடங்கியது என்பதை என் தமிழ் வகுப்பு மாணவிகளுக்கு இனி ஒவ்வோர் ஆண்டும் சொல்வேன். அறைக்குத் திரும்பியதும் பாளையங்கோட்டையின் குளோரிந்தாவைப் பற்றிப் பேசினார்கள். 1778இல் ஸ்வார்ட்ஸ் ஐயர் என்ற மிஷனரியிடம் ஞானஸ்நானம் பெற்ற விதவை, 1785இல் அங்கே ஆலயம் எழக் காரணமாக இருந்தவர். அந்த ஆலயத்துக்கு மக்கள் இட்ட பெயர் "பாப்பாத்தி அம்மாள் கோவில்". கட்டியவருடைய சொந்தப் பெயரைவிட அவருடைய சாதி நீடித்து நிற்கிறது.

அந்த இடத்தில் சாதியைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. திருமணத் தகவல் பகுதிகளில் கிறிஸ்தவர் என்பதற்கு அடுத்த சொல்லாகச் சாதி வருவது நம் எல்லாருக்கும் தெரியும். அதன் சுமையைத் தமிழ்க் கிறிஸ்தவப் பெண்கள் ஒரே அளவில் சுமப்பதில்லை என்பதும் தெரியும். பெண்களைப் பற்றிய மரபை மீண்டும் சிந்திக்கிறோம் என்று சொல்லும் வகுப்பு இதைத் தொடாமல் போனது அதன் பெரிய வெற்றிடம். எங்களில் ஒருவர் தேநீர் இடைவேளையில் என்னிடம் தனியாக, "நான் வாயைத் திறந்தா நான் யாருன்னு கேப்பாங்க ஆன்ட்டி, அதான் பேசல" என்றார். பெண்களுக்கு மட்டுமான அந்த அறையிலும் அவருக்கு அந்த அச்சம் இருந்தது.

கடைசி வாரம் நீதிமொழிகள் 31. எனக்காகவே வைத்தது போலிருந்தது. குணசாலி என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் எபிரெயச் சொல் வீரத்தையும் படைபலத்தையும் குறிக்கப் பயன்படுவது. அந்தப் பெண் வயலை விசாரித்து வாங்குகிறார், தன் சம்பாத்தியத்தில் திராட்சத்தோட்டம் நாட்டுகிறார் என்றெல்லாம் பேசிக்கொண்டே 26ஆம் வசனத்துக்கு வந்தோம். "தயையுள்ள போதகம் அவள் நாவின்மேல் இருக்கிறது." அடக்க ஆராதனையில் இந்த அதிகாரத்தைத்தான் வாசித்தார்கள், இந்த வசனத்தையும் வாசித்திருப்பார்கள். போதகம் என்று அங்கே அச்சிட்டிருக்கிறது. போதகர் என்ற பட்டம் எந்தச் சொல்லிலிருந்து வந்ததோ, அந்தச் சொல். முப்பத்தொரு ஆண்டுகள் அது அம்மாவின் நாவின்மேல் இருந்தது. நான் அந்தப் பக்கத்தை மூட முடியாமல் அமர்ந்திருந்தேன்; பக்கத்தில் இருந்த கத்தோலிக்கச் சகோதரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நடைமுறைக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கடைவீட்டில் மின்தூக்கி இல்லை; செங்குத்தான படிகளில் மூத்தவர் ஒவ்வொரு வாரமும் இரண்டு பேர் கையைப் பிடித்து ஏறினார். நகலெடுத்த தாள்கள் 90 பக்கம். சில பக்கங்களில் கிரேக்க எழுத்து வாசிக்க முடியாத அளவுக்கு மங்கியிருந்தது. கைக்குழந்தையோடு வந்த ஒருவர் மூன்றாம் வாரத்தோடு நின்றுவிட்டார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்தியிருந்தால் அவர் வந்திருப்பார். வாசிக்கக் கொடுத்தவை பெரும்பாலும் அமெரிக்க அறிஞர்களின் கருத்துகள். ஆசியப் பெண்களின் இறையியல் இதழொன்றைக் கொரியரான சுன் ஐ லீ பார்க் 1982இல் தொடங்கியது சிங்கப்பூரில்தான். எபிரெயமும் கிரேக்கமும் கற்று மூலத்திலிருந்தே முழு வேதாகமத்தையும் மராத்தியில் மொழிபெயர்த்த பண்டித ரமாபாய், அது 1924இல் அச்சாகி வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே இறந்துபோனார். இவர்கள் இருவரும் அந்த 90 பக்கங்களில் இல்லை.

சபையைவிட்டு விலகியவர்களுக்கு இந்த வகுப்பு ஏற்றதா என்று சிலர் என்னைக் கேட்டார்கள். எங்களில் அப்படிப்பட்டவர்கள் இருவர் இருந்தார்கள். அவர்கள் பேசும்போது நடத்துகிறவர்கள் மரியாதையோடு கேட்டார்கள். ஆனால் ஒவ்வொரு உரையாடலும் எப்படியாவது மீண்டும் ஆராதனைக்குத் திரும்புவதில்தான் முடிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அறையில் இருந்தது. அவர்களில் ஒருவர், வசனம் வேறு பொருள் தருகிறது என்று காட்டிவிட்டால் தனக்கு நடந்தது இல்லாமல் போய்விடாது என்று சொன்னார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே நல்லது. வேதத்தை நேசித்து, ஆனால் அது தன்மேல் பயன்படுத்தப்பட்ட விதத்தால் காயப்பட்டவர்களுக்கு இந்த வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். விலகி நிற்பவர்கள், முதல் வகுப்புக்கு மட்டும் 20 வெள்ளி கொடுத்து வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அதற்கு இடம் தருகிறார்கள்.

அடுத்த சுற்று ஜனவரியில் தொடங்குகிறது. 1 தீமோத்தேயுவுக்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்கியிருப்பதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். நாள் இன்னும் சனிக்கிழமைதான். அந்த ஒரு வாரத்துக்கு மீண்டும் வரலாமா என்று கேட்டு அனுமதி பெற்றிருக்கிறேன். செய்தியை என் மகளுக்கும் அனுப்பினேன். பத்துக் கட்டளைகளைச் சொல்லித் தந்த பாட்டியைப் பற்றி அங்கே என்ன சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டுப் பதில் எழுதினாள். நீதிமொழிகள் 31:26 என்று அனுப்பியிருக்கிறேன்.